வஹீத் பாயின் டிபன் கேரியர்

புற்றுநோய்க்காகக் கழுத்தில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க ஆரம்பித்த பதினெட்டாவது நாள், அப்துல் வஹீத் பாய் நாலாவது முறையாக ஆம்பூரிலிருந்து பிரியாணி கொண்டுவந்தார்.

நர்ஸ் அறையில் எல்லாருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது.

மெர்சி சிஸ்டர் மருந்து எடுக்கப் போனார். சங்கீதா, இன்று அமாவாசை, கவிச்சி தொடமாட்டேன் என்றாள். போன வாரமும் அவளுக்கு அமாவாசைதான்.

மிஞ்சியது பிரிசில்லா. வேலைக்குப் புதிது. முடியாது என்ற சொல் அவள் வாயில் வராது.

முதல் முறை அவர் கொண்டுவந்த பிரியாணிக்காகச் சண்டையே நடந்தது. இரண்டாம் முறை உப்பு கொஞ்சம் தூக்கல். மூன்றாம் முறை மெர்சி சிஸ்டர் ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டு, சூப்பர் பாய் என்றார். எல்லாரும் சூப்பர் என்றார்கள்.

வாய் முழுக்கப் புண்ணோடு அடுப்பு முன்னால் நின்று சமைத்துக்கொண்டு வருகிற மனிதரிடம் வேறென்ன சொல்வது? அதுவும் ஆம்பூரில் பாதிக் கல்யாணங்களுக்குப் பிரியாணி தேக்சாவை அடுப்பில் ஏற்றிய சமையல் மாஸ்டரிடம்.

இது லஞ்சம் என்பதுதான் அறையின் முடிவு.

பாயின் எடை வாராவாரம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு கிலோ குறைந்தால் மூக்கில் குழாய் போட்டுத்தான் கஞ்சி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகளுக்கு நிக்காஹ், சமையலும் அவரேதான். குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு தேக்சா பக்கத்தில் நிற்க முடியுமா? எடையைக் கொஞ்சம் கூட்டி எழுதவைக்கத்தான் இந்தப் பிரியாணி என்று எல்லாரும் நினைத்தார்கள்.

போன திங்கட்கிழமை எடை மெஷினில் ஏறியவரின் ஜிப்பா பை ஒரு பக்கமாகத் தொங்கியது. பிரிசில்லா கையை விட்டாள். இரும்பு வெற்றிலை உரல்.

"வெத்தல தொடக்கூடாதுன்னு சொன்னோமே பாய்?"

"அதான் உரல மட்டும் எடுத்தாந்தேன்."

தினமும் அவள் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. தோல் எரிகிறதா, வாய் காய்கிறதா, ருசி எப்படி, விழுங்க முடிகிறதா, சோடா உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறீர்களா. எல்லாவற்றுக்கும் பாயிடம் ஒரே பதில்: ஃபஸ்ட் கிளாஸ். சாப்பிட்டீர்களா என்றால் இரண்டு தட்டு என்பார். கன்னம் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

இப்போது அவரே கேரியரைத் திறந்தார். சீரக சம்பாவின் மணம் அறையை நிறைத்தது. ஸ்பூனைக் கைக்குட்டையால் துடைத்து அவளிடம் நீட்டினார். நீட்டிவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு வாய்தான்.

பிரிசில்லாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணக் கூட்டம் மொத்தமும் இதைத்தான் சாப்பிடப் போகிறது என்று நினைத்தாள். சூப்பர் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"உப்பு ஜாஸ்தி பாய்."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"ரொம்ப ஜாஸ்தி. வாயில வைக்க முடியல."

பாய் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி அவள் கிட்டே போனாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தோல் எரிந்ததால் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! மொத தபா கை அளவுல போட்டேன், சூப்பர்னாங்க. ரெண்டாந்தபா வேணும்னே ஒரு பிடி ஏத்தினேன். அதுக்கும் சூப்பர். மூணாந்தபா ரெண்டு பிடி, அப்பவும் சூப்பர்! இன்னிக்கு அஞ்சு பிடி கொட்டினேன். இதுக்கும் சூப்பர்னு சொல்லியிருந்தா நான் யாரை நம்பறதும்மா?"

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தணித்தார்.

"ஞாயித்துக்கிழமை காலைல நம்ம ஊட்டுக்கு வந்துடுங்க. அரிசி போடறதுக்கு முன்னால ஒலத் தண்ணிய நாக்குல வெச்சு, இன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லணும். ஊட்ல தெரிஞ்சா கரண்டியப் புடுங்கிடுவாங்க."

"எது தெரிஞ்சா பாய்?"

அவர் அவளைப் பார்க்காமல் கேரியரை மூடினார்.

"எனக்குப் பத்து நாளா எந்த ருசியும் தெரியல சிஸ்டர்."