மாமனாருக்கு ஒரு பழைய டீ

அன்று காலையிலிருந்து கோங்லினின் பல்லில் பச்சைத் தண்ணீர் கூடப் படவில்லை. பெரிய டீ ரசிகர்கள் நாக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்ளப் பட்டினி கிடப்பார்கள் என்று எவனோ சொல்லியிருந்தான். எவனோ சொல்வதையெல்லாம் நம்புவது கோங்லினின் வழக்கம்.

பழைய டீ செய்வது அவன் தொழில். ஆமாம், செய்வதுதான். போன வருடத்து இலையை ஈரத்தில் புழுங்க வைத்து, வறட்டி மாதிரி வட்டமாக அழுத்தி, உறைத் தாளைப் பூச்சிகளை விட்டு அரிக்க வைத்து, அறுபது வயதான பூயர் டீ என்று விற்றுவிடுவான்; வயது ஏற ஏற விலையும் ஏறுகிற சீன டீ அது. அவன் குடிப்பதென்னவோ சோடா.

இப்போது அவனுக்கே ஓர் அசல் தேவைப்பட்டது. அவன் காதலி யூதிங்கின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

"நிச்சயதார்த்தத் தட்டுல அசல் பழைய பூயர் இருந்தா பொண்ணு உனக்கு. இல்லேன்னா அந்தப் பல் டாக்டருக்கு."

அவர் ஆயுள் முழுக்க டீயில் ஊறிய மனிதர். அவரிடம் தன் சரக்கு செல்லுபடியாகாது என்று கோங்லினுக்குத் தெரியும். யூதிங் இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்பதும் தெரியும்.

குவாங்சோ டீச் சந்தையில், சியு அக்கா கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படி ஒரு டீ வட்டு இருந்தது. அதன் விலைக்கு ஒரு வீடே வாங்கலாம். கோங்லினுக்கோ வாங்குகிற உத்தேசமே இல்லை. தான் செய்ததிலேயே உருப்படியான ஒரு வட்டுக்கு அதே மாதிரி உறை போட்டு, பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

தான் ஒரு ஹாங்காங் பணக்காரன் என்று அவன் சொன்னதும், சியு அக்கா பெட்டியைத் திறந்து வட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். கெட்டிலை எடுக்கத் திரும்பினாள். அந்த ஒரு நொடி போதாதா? மேஜையில் இருந்தது பைக்குள் போயிற்று; பைக்குள் இருந்தது மேஜைக்கு வந்தது.

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் ருசி பார்க்காமல் கிளம்புகிற பணக்காரனை யார் நம்புவார்கள்? உட்கார்ந்தான்.

"ருசி பாக்கறதுக்குன்னே இதே ரகத்துல கொஞ்சம் உதிர்த்து வச்சிருக்கேன் தம்பி," என்றாள் அவள். முதல் தண்ணீரை டீக்காரர்கள் வழக்கப்படி மேஜை மேல் இருந்த மண் தவளை பொம்மையின் தலையில் ஊற்றிவிட்டு, அடுத்ததை அவன் கோப்பையில் ஊற்றினாள்.

கோங்லின் பெரிய ரசிகனைப் போல உறிஞ்சினான். நன்றிக்கு அடையாளமாக இரண்டு விரல்களால் மேஜையைத் தட்டினான். கோப்பை காலியாக ஆக அவள் நிரப்பிக்கொண்டே இருந்தாள்.

ஏழெட்டுக் கோப்பை ஆனதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று புரியவில்லை. மண் தவளை கண்ணடித்த மாதிரி இருந்தது. பிறகு வியர்த்துக் கொட்டியது, காது அடைத்தது, தரை தொட்டில் போல ஆடியது. மேஜை மேல் இருந்த விரல்கள் நடுங்கிப்போய்த் தடதடவென்று தட்டின.

"அடேயப்பா, எத்தனை நன்றி சொல்வீங்க! இந்தாங்க, இன்னும் கொஞ்சம்."

அப்போதுதான் கவனித்தான். அவள் ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை.

"நீங்க... குடிக்கலையா அக்கா?"

"நானா? ஐயையோ, இதைக் குடிச்சா என் உடம்பு என்னத்துக்கு ஆகறது!" அவள் குலுங்கிச் சிரித்தாள். "போன மாசம் உங்களை மாதிரியே ஒருத்தர் இதே நாற்காலியில உக்காந்தார். கடைசியில கையைக் காலைப் பிடிச்சுத்தான் வெளியே தூக்கிட்டுப் போனோம்."

கோங்லின் பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.

"பையை ஏன் தம்பி கட்டிப் பிடிச்சுட்டிருக்கீங்க? கீழ வச்சுட்டு நிம்மதியா குடிங்க."

நிம்மதியாகவாம்! எல்லாம் தெரிந்துதான் விஷத்தை ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்! அவன் நாற்காலியிலிருந்து சரிந்து அவள் காலடியில் விழுந்தான்.

"அக்கா, கொன்னுடாதீங்க! உங்க வட்டு பைக்குள்ள இருக்கு, எடுத்துக்கங்க! மேஜையில இருக்கறது நான் செஞ்ச போலி! மாமனாருக்காகத்தான் மாத்தினேன். இல்லேன்னா பல் டாக்டர் அவளைக் கட்டிக்குவான்! மாத்து மருந்து குடுங்க அக்கா!"

சியு அக்கா வாயைப் பிளந்தாள். பிறகு ஒரு டப்பாவைத் திறந்து எதையோ எடுத்து அவன் வாயில் திணித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். கொஞ்ச நேரத்தில் தரை ஆடாமல் நின்றது. உயிர் இருந்தது! அந்தச் சந்தோஷத்தில் பையைக் கூட மறந்துவிட்டு வாசலைத் தாண்டிப் பறந்தான்.

பின்கட்டிலிருந்து அவள் கணவன் வான்சுன் எட்டிப் பார்த்தான். "என்னடி சத்தம்?"

"போன மாசத்து ஆளு மாதிரியே வெறும் வயித்துல குடிச்சு டீ போதை ஏறிடுச்சுங்க அவனுக்கு. நிறம் நல்லா வரட்டும்னு நானும் இலையை ரெண்டு மடங்கு போட்டுட்டேன். ஒரு கடலை மிட்டாய் குடுத்தேன், தெளிஞ்சுட்டான். ஆனா வட்டை மாத்தினது எனக்குத் தெரியவே தெரியாது. மாமனாருக்குக் குடுக்க மாத்தினேன்னு அவனாத்தான் ஒப்பிச்சான்!"

வான்சுன் மேஜையில் இருந்த வட்டை எடுத்தான். உறையைத் தடவினான். முகர்ந்தான். ஓரத்தில் துளி பெயர்த்து மென்றான். அவன் முகம் மாறியது.

"அவனைப் போய் விட்டுட்டியேடி, பாவி!"

வட்டும் கையுமாக அவன் தெருவில் பாய்ந்தான். கோங்லின் திரும்பிப் பார்த்தான். துரத்தி வருகிறவனைக் கண்டதும் செருப்பை உதறிவிட்டுக் கண்மண் தெரியாமல் ஓடினான். பின்னால் வந்த கூச்சல் அவன் காதில் ஏறவே இல்லை.

"நில்லுங்க தம்பி, கூட்டுச் சேந்துக்கலாம்! பெட்டியில இருந்தது பின்கட்டுல நான் செஞ்சது. உங்களது அதைவிட நூறு மடங்கு மேல், உங்க மாமனாரே கண்டுபிடிக்க மாட்டார்!"