களத்தை விட்டு ஓடிய சேவல்

சேவக்கட்டில் எதிர்ச்சேவலின் கால்கத்தியில் வெட்டுப்பட்டுச் செத்திருந்தால் அந்தச் சேவல் ஜெயித்தவனுக்குப் போயிருக்கும். அது களத்தை விட்டு ஓடிவிட்டது. ஊரே சிரிக்க, குப்புராஜே அதை விரட்டிப் பிடித்துக் கழுத்தைத் திருகினான். பாதாமும் முட்டையும் ஊட்டி, மடியில் கிடத்தி, "என்ற ராசா" என்று இரண்டு வருடமாகக் கொஞ்சியவனும் அவன்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி சாந்தாமணியிடம் கொடுத்தான். அவள் அதை அறுத்துக் கழுவிக் குக்கரில் போட்டாள். விசில் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு விசிலுக்கும் அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த விசிலுக்கு அழுதுவிடுவான், அடுத்ததற்கு அழுதுவிடுவான் என்று காத்திருந்தாள்.

"இன்னுமா வேகுல?" என்றான்.

"முறுக்கேறுன ஒடம்புங்க. நேரமாகும்."

சோற்றைப் போட்டுக் கறியை ஊற்றினாள். தினமும் தடவிக்கொடுத்த கழுத்தைத்தான் அவன் முதலில் தேடி எடுத்தான். கடித்து, எலும்பை உறிஞ்சித் தட்டோரம் வைத்தான்.

"நல்லா வளத்திருக்கறன்ல?" என்று சிரித்தான். "இன்னொரு துண்டு போடு."

குனிந்து போட்டுவிட்டு நிமிர்ந்த சாந்தாமணி, சேலைத் தலைப்பை இழுத்துத் தன் நிறைமாத வயிற்றை மூடிக்கொண்டாள்.