ஆளில்லாத மலை

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் நம்மவர்கள் மலை ஏறுவதில்லை. மாடிப்படி ஏறினாலே கைக்கடிகாரம் பாராட்டும். அந்தப் பாராட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு ஓய்வெடுப்போம். அப்பேர்ப்பட்ட ஊரில், கோவிலுக்குப் போனாலும் வாசலை ஒட்டியே பார்க்கிங் தேடுகிற சேனாபதி, மனைவி தென்றலோடு இமயமலையில் டிரெக்கிங் போகிறேன் என்றால் எதிர்வீட்டு ஷ்யாமளா சும்மா இருப்பாளா?

குப்பைத்தொட்டியை வெளியே தள்ளும் சாக்கில் அவனைப் பிடித்தாள்.

“எந்த மலைப்பா?”

“ஜான்ஸ்கர், ஆன்ட்டி. லடாக் பக்கம். கூட்டமே கிடையாது. நாள் முழுக்க நடந்தாலும் ஒரு ஆள் கண்ல பட மாட்டான்.”

“ஏதாவது ஆச்சுன்னா?”

“சிக்னலே இருக்காது. யாருக்கும் எதுவும் தெரியாது.” சொல்லும்போது அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“மெட்ராஸ் பக்கம் போவீங்களா? தம்பிக்கு ஒரு சின்ன பை...”

“சேச்சே, டெல்லியில இறங்கி நேரா மலைதான்.”

“தென்றல் எப்படி ஒத்துண்டா?”

“அவளாலதானே ஆன்ட்டி இந்தப் பிளானே போட வேண்டியதாச்சு!”

“எப்போ திரும்பி வரீங்க?”

“மலைக்குப் போனா திரும்பறது நம்ம கையிலயா இருக்கு?” என்று சிரித்தான்.

ஷ்யாமளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் இந்தியா போய் வந்ததிலிருந்தே அந்த வீட்டில் சண்டை. “உன்னால என் லீவே நாசமாப் போச்சு” என்று சேனாபதி கத்தியதை அவள் சொந்தக் காதால் கேட்டிருக்கிறாள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள் என்பது வேறு விஷயம்.

மறுநாள் சேனாபதி காரிலிருந்து பெரிய கயிற்றுச் சுருளை இறக்கினான். அதற்கடுத்த நாள், நடைப்பயிற்சி என்ற பெயரில் ஷ்யாமளா அவர்கள் வீட்டை நாலாவது முறையாகக் கடந்தபோது, கராஜுக்குள் தென்றலைக் குளியலறைத் தராசில் நிற்க வைத்திருந்தான்.

“அசையாதே. உன் வெயிட் கரெக்டாத் தெரிஞ்சாதான் கணக்கு சரியா வரும்.”

கராஜ் கதவு இறங்கி மூடிக்கொண்டது.

“அவளை மலையிலேர்ந்து தள்ளிவிடப் போறான்” என்று கணவர் அச்சுதனிடம் மூச்சிரைக்கச் சொன்னாள்.

“போன மாசம் அந்தக் கோடி வீட்டுக்காரன் பேங்க்கைக் கொள்ளையடிச்சான்னு சொன்னே. கடைசில அவன் பேங்க் மேனேஜர்” என்றார் அச்சுதன், ஐபேடிலிருந்து தலையைத் தூக்காமலே.

ஆனால் ஒரு உயிர் விஷயம். இந்தியன் கடையில், வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்த தென்றலை ஓரமாக இழுத்தாள்.

“எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சும்மா. நீ மலைக்குப் போகாதே.”

தென்றலின் கையிலிருந்த வெண்டைக்காய்கள் சிதறின. முகம் வெளுத்துவிட்டது. “ஆன்ட்டி, ப்ளீஸ், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சா அவர் என்னைச் சும்மா விட மாட்டார்!”

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? பயண நாளன்று அச்சுதனை ஐபேடிலிருந்து பிய்த்தெடுத்து, நூவர்க் ஏர்போர்ட்டுக்குக் காரை விடச் சொன்னாள். செக்-இன் வரிசைகளுக்கு நடுவே செருப்புச் சத்தம் எதிரொலிக்க ஓடினாள்.

“தென்றல்! போகாதேம்மா! உன்னைக் கொன்னுடுவான்!”

மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. தரையில் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டிருந்த சேனாபதியும் தென்றலும் அப்படியே உறைந்து போனார்கள். வீட்டுத் தராசில் ஆளையும் பெட்டியையும் சேர்த்து நிறுத்து, ஆளைக் கழித்துப் போட்ட கணக்கு, ஏர்லைன்ஸ் தராசில் தப்பியிருந்தது. பெட்டிக்குள் மலையேறும் பூட்ஸ் இல்லை; பட்டுப்புடவையும் சாக்லேட்டும் இருந்தன. பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி. குறுக்கும் நெடுக்கும் அந்தக் கயிறு. அதன்மேல் கொட்டை எழுத்தில்: ‘சேனாபதி, சென்னை’.

செக்யூரிட்டிக்காரர் இவர்கள் பக்கம் நடந்து வந்தார். அச்சுதன் அவசரமாக முன்னால் போய், “ஃபேமிலி மேட்டர்” என்று ஆங்கிலத்தில் சமாளித்து அனுப்பினார்.

“மன்னிச்சிடுங்க ஆன்ட்டி” என்றான் சேனாபதி, தலையைக் குனிந்துகொண்டு. “இந்தியா போறோம்னு சொன்னாலே தெருவே பார்சல் கொண்டு வந்து குடுக்குது. இவளுக்கு மாட்டேன்னு சொல்ல வராது. போன தடவை லீவு முழுக்க அடுத்தவங்க பாதாமை வீடு வீடா டெலிவரி பண்ணினோம். எங்க அம்மாகூட உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடலை. அதான்... மலைன்னு சொன்னோம்.”

ஷ்யாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பெரிய மனதோடு இருவரையும் மன்னித்தாள், பிறகு கணவர் பக்கம் திரும்பி, ஏர்போர்ட்டுக்கு வெறுங்கையோடு போவானேன் என்று காரில் போட்டு வந்திருந்த தம்பிக்கான பையை எடுத்து வரச் சொன்னாள்.