செங்கொடியின் கட்டில்

பாரி எழுந்தான், பல் தேய்த்தான், டீ குடித்தான். பிறகு, நீளவாக்கில் பள்ளம் ஓடிய அலுமினியக் கம்பிகளால் தானே செய்த கட்டிலின் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினான்.

மாமியார் கெங்கம்மா வந்து கட்டில்மேல் உட்கார்ந்துகொண்டாள். "எம் பொண்ணு கட்டிலு. இன்னாத்துக்கு நைனா கை வெக்கிற?"

"எண்ணூர் பீச்சுல ராக்கெட் வுடணும் அத்தே. இந்தக் கம்பிப் பள்ளத்துல மாட்டி வுட்டாதான் நேரா கெளம்பும்."

"ஒன் வெளையாட்டுக்கு இதான் கெட்ச்சுதா? செங்கொடி இருந்தா இன்னா சொல்லுவா?"

"ராக்கெட்டு அவ செஞ்சது அத்தே. கம்பியும் அதுக்குன்னு அவ வாங்குனதுதான். படுத்த படுக்கையானதும் நாந்தான் கட்டிலாக்கினேன்."

கெங்கம்மா மெல்ல எழுந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாவும்போது இன்னா சொன்னா நைனா?"

பாரி அப்படியே சொன்னான்.

"'நான் போனதும் இத்த கழட்டி ராக்கெட்ட வுடு. இல்லாங்காட்டி அம்மா இதும்மேல துணி காயப்போட்டுடும்.'"