உள்ளே சரிந்த துளைகள்

துளைகள் தப்பான பக்கம் சரிந்திருந்தன.

லோர்னா ஈரமண்ணில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தாள். மேப்பிள் மரத்தில் துளை போடும்போது வாய்ப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் பாகு காய்ச்சுவதற்கான சாறு தானாக வழிந்து வாளியில் சொட்டும்.

இவை உள்பக்கம் தாழ்ந்திருந்தன. எதையாவது ஊற்றினால் வெளியே வராதபடி.

அடிமரத்தைச் சுற்றி, கணுக்கால் உயரத்தில், வரிசையாக. அவள் போட்டவை அல்ல. ஒவ்வொன்றின் வாயும் மெழுகால் அடைக்கப்பட்டிருந்தது. ஒன்றை நகத்தால் பெயர்த்ததும் களைக்கொல்லியின் நெடி மூக்கில் ஏறியது.

இத்தனை மாதமும் அந்த இடத்தை விறகு மறைத்திருந்தது.

இலை உதிர்ந்த சமயத்தில் அதை அங்கே அடுக்கியவன் அவள் கணவன் ஹாலிஸ். மரத்தில் சாய்த்து விறகு அடுக்காதே என்று அவள் எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறாள். அன்றைக்கும் போட்டாள்.

"உனக்காகத்தான்டி. சாறு காய்ச்சுறப்போ கொட்டகைக்கும் அடுப்புக்கும் நீ நடக்க வேணாம்னு. முட்டி வலி முட்டி வலின்னு முனகுறியே."

அவளுடைய முட்டியைப் பற்றி அவன் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. லோர்னா அவன் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள்.

காய்ச்சக் காய்ச்ச விறகு குறைந்தது. இன்று காலை கடைசி அடுக்கை எடுத்தாள்.

இரவில் உறைபனி, பகலில் வெயில். சாறு பெருக வேண்டிய மார்ச். ஆனாலும் இந்த வருஷம் வாளிகளின் அடி நனைந்ததே பெரிய காரியம். வானத்தைக் குறை சொன்னாள். துளையை ஆழமாகப் போட்டுவிட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நாள்கணக்கில் கொல்லை அடுப்பருகே நின்று காய்ச்சியும் ஒரே ஒரு ஜாடிப் பாகுதான் தேறியது. அதைக் கொல்லைப்பக்க நிலவறையில் வைத்திருந்தாள்.

ஃப்ளோரிடாவில், ஹாலிஸின் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. போன மார்ச்சில், ஊர்க் கூட்டம் முடிந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே குடிபோய்விடலாம் என்று ஹாலிஸ் பேச்செடுத்தான்.

"எங்க கொல்லை மரம் கறக்கிற வரைக்கும் நான் எங்கயும் நகர மாட்டேன்" என்றாள் லோர்னா. "அது நின்னுபோச்சுன்னா மறுநாளே பெட்டியைக் கட்டிடுறேன்."

"கேட்டுக்கிட்டீங்களா? மூத்த புருஷன் அதுதான். நான் ரெண்டாந்தாரம்" என்றான் ஹாலிஸ். மேசையே குலுங்கிச் சிரித்தது. அவளும்தான்.

லோர்னா எழுந்தாள். முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

சமையலறையில் ஹாலிஸ் பேன்கேக்கில் வெறும் வெண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தான். பாகு வடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டாராம். காபிக்கு மட்டும் சர்க்கரை போட்டுக்கொள்வான். "அதுக்கு மட்டும் டாக்டர் கண்ணை மூடிக்குவாரா?" என்று அவள் கேலி செய்திருக்கிறாள்.

கை கழுவினாள். ஜாடியை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். தன் பேன்கேக் மேல் ஊற்றினாள். விளிம்பில் வழியும்வரை.

ஹாலிஸின் கத்தி வெண்ணெயில் நின்றது.

காய்ச்சினால் விஷமெல்லாம் ஆவியாகிப் போய்விடும் என்று நினைத்திருப்பானோ? கொல்லையிலிருந்து வரும்போதே அவனுக்காக அவள் கண்டுபிடித்து வைத்திருந்த சமாதானம் அது.

அப்படியென்றால் அவன் ஏன் தொடுவதில்லை?

பத்து நாளாக அவள் சாப்பிடுகிறாள். பத்து நாளாக எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

முள்கரண்டியால் ஒரு துண்டைக் குத்தி எடுத்தாள். வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

ஹாலிஸ் வாயைத் திறந்தான்.

சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினாள். ஒரு வார்த்தை போதும். மரத்தைப் பற்றிக் கேட்கமாட்டாள். கத்தமாட்டாள். ஃப்ளோரிடாவுக்குக்கூட வந்துவிடுவாள்.

"காபி ஆறுது பாரு" என்றான்.

அவள் துண்டை வாயில் போட்டு மென்றாள்.

ஹாலிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு சர்க்கரைக் கிண்ணத்தை இழுத்து, தன் காபியில் இன்னொரு ஸ்பூன் போட்டுக் கலக்கினான்.

லோர்னா அவசரமே இல்லாமல், தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள்.

அது போன வருஷத்துப் பாகு. நிலவறையில் மிஞ்சியிருந்த கடைசி ஜாடி. இந்த வருஷத்துப் பாகை, உள்ளே வருவதற்கு முன்பே, அடுப்புச் சாம்பலில் கொட்டியிருந்தாள்.