கீழ்வீட்டம்மாள் சொன்னது

மகள் எதையோ மறைக்கிறாள் என்ற சந்தேகம் அவளுக்கு மாடிப்படியில் வைத்துத்தான் வந்தது.

கீழ்வீட்டம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்து, நெற்றியைச் சுருக்கி, மேலே கையைக் காட்டி, கீழே கையைக் காட்டி, மூச்சு விடாமல் பேசினாள். எல்லாம் அந்த ஊர் பாஷை. அவளுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள்.

"என்னடி சொல்றாங்க?"

"நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாங்கம்மா."

"இதைக் கேக்கவா இவ்வளவு நேரம்?"

"குளிர் பழகிடுச்சான்னும் கேட்டாங்க."

"நல்லா இருக்கோம்னு சொல்லு."

மகள் திரும்பி ஏதோ நீளமாகச் சொன்னாள். கீழ்வீட்டம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய சாத்தைப் பார்த்தால் குசலம் விசாரித்தவள் மாதிரி இல்லை.

இந்த ஊருக்கு வந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது. நாலாவது படிக்கிற மகளுக்கு அதற்குள் இந்த பாஷை தண்ணி பட்ட பாடாகிவிட்டது. டாக்டரிடம், கடையில், தபால்காரரிடம், எங்கேயும் அம்மாவுக்கு அவள்தான் வாய். அதுதான் இப்போது உறுத்தியது. வாய் அவளுடையது என்றால், எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பதும் அவள் இஷ்டம்தானே?

கணவன் குடோன் வேலை முடிந்து வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இவ ஏதோ தப்பு பண்ணியிருக்கா. அந்தம்மா நம்மகிட்ட புகார் சொல்லுது. இவ நடுவுல அமுக்கிடுறா."

"என்ன தப்பு பண்ணிடப்போறா?" அவன் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"பூந்தொட்டிய உடைச்சிருப்பா. சுவத்துல கிறுக்கியிருப்பா. யார் கண்டா?"

"அந்தம்மா மூஞ்சியே அப்படித்தான். வணக்கம் சொன்னாக்கூட வீட்டை ஜப்தி பண்ண வந்த மாதிரி இருக்கும். நீ போட்டுக் குழப்பிக்காதே."

அவள் மனசு கேட்கவில்லை. மகளைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

தம்பி ஹாலில் ரெண்டு எட்டு ஓடினால் போதும், "மெதுவாடா" என்று பாய்ந்து பிடிக்கிறாள். அம்மா அடுப்பில் எதையாவது ஏற்றினால், அந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைக்கிறாள். ஒருநாள் குப்பை கொட்டப் போனவளை ரொம்ப நேரமாகக் காணோம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால், கீழ்வீட்டு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள்.

மேலே வந்ததும் கேட்டாள். "அங்க என்னடி வேலை உனக்கு?"

"சும்மா பேசிட்டிருந்தேன்மா."

"அப்படி என்ன பேச்சு?"

"ஸ்கூல் எப்படிப் போகுதுன்னு கேட்டாங்க."

முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

"என்னிக்காவது பொய்யின்னு தெரிஞ்சுது, தோலை உரிச்சிடுவேன்."

மகள் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த அழுத்தம்தான் எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டது.

நூலகத்து மாடியில், புதிதாக வந்தவர்களுக்கு ஊர் பாஷை சொல்லித் தருகிறார்கள் என்று பஸ்ஸில் பழகிய ஒரு பெண் சைகையிலேயே சொன்னாள். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனதும் அவள் அங்கே போய் உட்கார்ந்தாள். மகளிடம் மூச்சு விடவில்லை. பெற்ற பெண்ணை வேவு பார்ப்பதற்காகப் பாடம் படிக்கிற அம்மா வேறு யாராவது இருப்பாளா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. பாத்திரம் கழுவும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் பேசுவதைக் காதால் பொறுக்கினாள். குளிர் விலகி வெயில் தலைகாட்டியபோது, பேச நாக்கு புரளாவிட்டாலும் கேட்டால் விளங்குகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவளும் மகளும் கடைக்குப் போய்விட்டுப் படியேறினார்கள். காத்திருந்த மாதிரி கீழ்வீட்டம்மாள் வெளியே வந்தாள்.

இன்றைக்கு மாட்டினாள் கள்ளி என்று நினைத்துக்கொண்டு, அவள் பைகளைப் படியில் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"உன் அம்மாகிட்ட சொல்லு. மாடிப்படி பூரா உங்க சமையல் நாத்தம். எந்நேரமும் என் தலைக்கு மேல குதியாட்டம். உங்களை மாதிரி ஆளுங்க எல்லாம் அவங்கவங்க ஊரிலேயே இருந்திருக்கலாம். இங்க வரச்சொல்லி யார் அழுதாங்க?"

எல்லாமே விளங்கியது. மகள் செய்த தப்பு என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

மகள் அம்மா பக்கம் திரும்பினாள். சிரித்த முகம். காது மடல் மட்டும் சிவந்து கிடந்தது.

"உன் முடி எவ்வளவு நீளமா, அழகா இருக்குன்னு சொல்றாங்கம்மா."

அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்துவிட்டது. வகுப்பில் படித்த நாலு வார்த்தையே அதற்குப் போதும். ஆனால் மகள், அம்மா நம்பிவிட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வந்த பதிலை அப்படியே விழுங்கினாள்.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்னு சொல்லு."

மகள் கீழ்வீட்டம்மாளிடம் திரும்பினாள். அம்மாவுக்குத்தான் புரியாதே என்ற தைரியத்தில், அந்த ஊர் பாஷையில், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"திட்டுறதா இருந்தா, எப்பவும் போல என்னைத் தனியாக் கூப்பிட்டுத் திட்டுங்க. எங்கம்மா கூட இருக்கும்போது மட்டும் கொஞ்சம் சிரிச்ச முகமாப் பேசுங்க, ப்ளீஸ்."