தட்டு எந்தப் பக்கம் பார்க்கணும்?

"தட்டெல்லாம் நடுவைப் பார்த்து நிக்கணும், கேர்ஸ்டின். கிண்ணத்தைக் கவுத்து வைக்கணும். எத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தறேன்!"

ஞாயிற்றுக்கிழமை வாத்து வறுவலும் உருளைக்கிழங்கு உருண்டையும் சாப்பிட்ட கையோடு, பாத்திரம் கழுவும் மெஷின் முன்னால் மண்டியிட்டார் டெட்லெஃப். கேர்ஸ்டின் அடுக்கியதையெல்லாம் வெளியே எடுத்து, முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தார்.

"எப்படி வெச்சாலும் கழுவும். விடுங்களேன்."

"விடணும்னுதான் நினைக்கிறேன், கை கேக்க மாட்டேங்குதே! செத்தாலும், கல்லறையில பக்கத்துப் பொணத்தை நேரா படுக்கச் சொல்லுவேன் நான்."

அவள் சிரித்துவிட்டாள். கடைசிக் கரண்டியையும் செருகி மெஷினைச் சாத்தியபோது, அவருக்கு முட்டி விண்விண்ணென்று வலித்தது. மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

கேர்ஸ்டினின் தோளில் கைபோட்டபடி வழியனுப்ப வந்தான் ஊவே, அவளுடைய இப்போதைய கணவன்.

"அடுத்த ஞாயிறும் சாப்பிட வந்துடுங்க. நீங்க வரீங்கன்னா, நாங்க வேணும்னே கோணல்மாணலா அடுக்கி வெச்சிடுவோம்."

"தெரியும் தம்பி. விவாகரத்துல வீடு அவளுக்குப் போச்சு, மெஷினும் அவளுக்குப் போச்சு. இந்த வேலை மட்டும்தான் என் பங்குக்கு வந்துச்சு!" என்றார் டெட்லெஃப்.